‘அம்மாவின் கைமடிப்பு’ என்று போடாதே

தம்பி,

நீ அனுப்பிய விளம்பரப் படத்தை நேற்றுச் சாயங்காலம் பார்த்தேன். உன் அம்மாவை எப்போது நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாய் என்று தெரியவில்லை, நன்றாக வந்திருக்கிறாள். ‘லெச்சுமி சேலை மடிப்பகம், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்’ என்று பெயர். அதற்குக் கீழே, ‘அம்மாவின் கைமடிப்பு’. அதைத் தன் தங்கைகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, “கன்னம் உப்பின மாதிரி இல்ல?” என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் உன் அம்மா. படத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எனக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தாயே, அங்கேதான் சுருக்கென்றது. ‘அப்பா, நீங்கதான் மடிக்கிறீங்கன்னு பவித்ரா வீட்டுல இப்ப சொல்லிக்க வேணாம். அம்மான்னே இருக்கட்டும். கேஎல் கஸ்டமருக்கும் அதான் சரியா வரும். தப்பா எடுத்துக்காதீங்க.’

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபம் வந்தது, அது வேறு. உடனே உன்னைக் கூப்பிட்டேன். “அப்பா, மீட்டிங்” என்று வைத்துவிட்டாய். நல்லதுதான். போனில் பேசியிருந்தால் நான் கத்தியிருப்பேன், நீ ‘சரிப்பா, சரிப்பா’ என்று சொல்லிவிட்டுச் செய்ய நினைத்ததையே செய்திருப்பாய். அதனால் எழுதுகிறேன். இதை உன் மாமனார் வீட்டார் படித்தாலும், இங்கே கிள்ளான் பண்டமாரானில் நம் தெருவே கூடிப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியோடு ஆபிஸ் வேலையை விடுகிறேன், பவித்ராவோடு கல்யாணம் ஆன பிறகு பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்தே சேலை மடிப்புக்கு ஆர்டர் எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எனக்குப் பயமே வரவில்லை. நீ அங்கே கஸ்டமரிடம் சேலையை வாங்கிக் கமூட்டர் ரயிலில் கிள்ளானுக்குக் கொண்டு வருவாய், நான் மடித்துத் தருவேன், நீ திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பாய். பவித்ரா தன் பேங்க் வேலையில் இருப்பாள். நல்ல யோசனை. வீட்டிலிருந்து சம்பாதிப்பதைக் கையாலாகாதவன் வேலை என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் ஒரு கல்யாண மாதத்தில் நம் வீட்டு முன்கூடத்தை வந்து பார்த்ததில்லை. உட்கார இடமிருக்காது, நாற்காலியெல்லாம் பட்டு. இந்த வீட்டின் கடனை அடைத்ததும் உன்னைப் படிக்க வைத்ததும் அந்த முன்கூடம்தான். நீ தைரியமாக வேலையை விடு. நான் சொல்ல வந்தது வேறு.

நான் துறைமுகத்தில் லோரி ஓட்டினவன். அப்போது இடுப்பு வலிக்கு ஒரு கை அகலத்துக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு திரிந்தது உனக்கு நினைவிருக்கும். ஒருநாள் லோரியிலிருந்து இறங்கினவன் நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். டாக்டர் இனி பெரிய வண்டி வேண்டாம் என்றார், கம்பெனியும் அதையே மரியாதையாகச் சொன்னது. அதற்குப் பிறகு நான் வீட்டில் கிடந்த காலத்தில் உன் அம்மாதான் குடும்பத்தைத் தூக்கினாள். கோயில் திருவிழாவுக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, அவசரத்தில் கட்டிக்கொள்ள வசதியாக ஒரு சேலையைக் கொசுவம் எடுத்து, முந்தானையை மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் குத்தி, பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை ஐந்து நிமிடத்தில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அங்கே நாலு பேர் கேட்டார்கள். அந்த நாலு பேர் மறு வாரம் நம் வீட்டு கேட்டைத் தட்டினார்கள். இதுதான் தொடக்கம். போர்டு வைக்கவில்லை, நோட்டீஸ் அடிக்கவில்லை.

நான் எப்படி இதில் நுழைந்தேன் என்பதை உன் அம்மா ஊருக்கெல்லாம் வேறு விதமாகச் சொல்வாள். தான் கெஞ்சிக் கேட்டதாகச் சொல்வாள். நடந்தது அப்படி இல்லை. தீபாவளி நெருக்கத்தில் அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். “தள்ளு, நான் தேய்க்கிறேன்” என்றேன். “பட்டு சேலைங்க, உங்க லோரி டயர் இல்ல” என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய பருத்தித் துணியை மேலே விரித்து, சூட்டைக் குறைத்து, சரிகையில் பெட்டி நேராகப் படாமல் ஒரு முந்தானையைத் தேய்த்துக் கொடுத்தேன். அதைத் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், வாயில் ஈ போனது தெரியாமல் நின்றாள். மறுநாளிலிருந்து அளவெடுப்பது அவள், மடிப்பது நான் என்றாகிவிட்டது. எனக்குக் கை வந்த காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மாதக்கணக்கில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தவனுக்கு ஒரு காரியம் ஒழுங்காக முடிவதைக் கண்ணால் பார்க்கப் பிடிக்காதா?

ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று உன் வியாபாரத்துக்காக நீ யோசித்துப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் செல்வியால் வந்தது. கிள்ளானில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிற செல்வி, ஒரு வீட்டில் நம் மடிப்பைப் பார்த்துவிட்டு, “யாரு செஞ்சது இது?” என்று நம்பர் வாங்கினாள். அதன் பிறகு அவள் போகிற வீட்டிலெல்லாம் “லெச்சுமி அக்காகிட்ட கொடுத்துடுங்க, எனக்கும் வேலை சுளுவு” என்று சொன்னாள். நாம் கமிஷன் கொடுக்கப் போனால் வாங்க மாட்டாள். “என் கஸ்டமர் சேலைய லேட் ஆக்காதீங்க, அது போதும்” என்பாள். ஒருத்தி உன்னைச் சொல்லி அனுப்பும்போது தன் பெயரையும் சேர்த்துத்தான் அனுப்புகிறாள். நீ சொதப்பினால் திட்டு முதலில் அவளுக்குத்தான் விழும். இதை மறக்காதவன் வீட்டில் உட்கார்ந்தே பிழைத்துக்கொள்வான்.

இதை மறந்தவர் யார் என்று கேட்டால் உன் அம்மா வழிச் சித்தப்பா இருக்கிறாரே, வாட்டர் பில்டர் விற்றவர். அவரும் வீட்டிலிருந்துதான் சம்பாதிக்கப் பார்த்தார். மனிதர் தங்கமானவர், சொந்தமும் நட்பும் அவருக்கு நம்மைவிட அதிகம். ஆனால் கண்ணில் பட்டவரையெல்லாம் வாங்க வைக்கப் பார்த்தார், வாங்கினவரையெல்லாம் விற்க வைக்கப் பார்த்தார். ஒரு கருமாதி வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவ வந்தவர்களிடம் குழாயைக் காட்டி, “இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறீங்களா?” என்று தொடங்கிவிட்டார். அவர் கார் தெருமுனையில் திரும்பினால் நாம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியும். நீதான் முதலில் சுவிட்சுக்கு ஓடுவாய், சிரிப்பு தாங்காமல். நீ புதுச் சம்பந்திகளிடம் அப்படிப் போய் நிற்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பவித்ரா தன் ஆபிஸுக்கு நம் மடிப்பைக் கட்டிக்கொண்டு போகட்டும். கேட்டால் சொல்லட்டும். கேட்காவிட்டால் சாப்பாட்டைப் பற்றிப் பேசட்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மடிப்பது நான் என்று ஆன பிறகும் வெளியே தெரிந்தது லெச்சுமி அக்கா மட்டும்தான். அது தானாக நடந்ததில்லை, நான்தான் அப்படி வைத்தேன். லோரி ஓட்டினவன் பொம்பளைச் சேலைக்குக் கொசுவம் எடுக்கிறான் என்று துறைமுகத்துப் பசங்களுக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்கே மானம் போனது. பின்னறையில் மேசை போட்டுக்கொண்டேன். கேட் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். கஸ்டமர் போன் செய்தால் உன் அம்மா எடுப்பாள், மெசேஜுக்கு அவள் மாதிரி நான் பதில் எழுதுவேன், ‘சரிங்கமா, ரெடியா இருக்கும்’ என்று. உன் அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. “நீங்க செய்யிறத நான் செஞ்சேன்னு சொல்லி வாங்குற புகழ் எனக்கு எதுக்கு?” என்று எத்தனையோ தடவை கேட்டாள். நான் கேட்கவில்லை. உன்னிடமும் சொல்லி வைத்தேன். “யாராச்சும் கேட்டா அப்பா வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லு.”

நீ நன்றாகவே சொன்னாய். ஒருநாள் உன் பள்ளிக்கூட டீச்சர் தன் தங்கை கல்யாணச் சேலையை எடுத்துக்கொண்டு வந்தார். நான் பின்னறையில் அவருடைய இன்னொரு சேலையைத்தான் விரித்து வைத்திருந்தேன். “அப்பா என்னய்யா செய்யிறாரு?” என்று கேட்டது காதில் விழுந்தது. “லோரி ஓட்டுறாரு டீச்சர், இப்ப ஜொகூர் பக்கம் போயிருக்காரு” என்றாய். ஜொகூரை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அது உன் சொந்தச் சரக்கு. அன்று கதவுக்குப் பின்னால் நின்று, பரவாயில்லை, பையன் சமாளித்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு உன் அம்மாவுக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. நீ அப்போது கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாய், பரீட்சை நேரம் என்று பாதியைத்தான் உன்னிடம் சொன்னோம். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தேன், கையில் ஒரு கல்யாண ஆர்டர். அதுவும் கூறைச் சேலை. மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தட்டில் வைத்து, சபையில் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்து, அதன் பிறகு பெண் உள்ளே போய் உடுத்திக்கொண்டு தாலிக்கு வர வேண்டிய சேலை. பெண்ணின் அக்கா அளவை மெசேஜில் அனுப்பியிருந்தாள். இடுப்பிலிருந்து தரைவரை இவ்வளவு என்று கணக்கு வந்தது. நான் அதை அப்படியே வைத்து மடித்தேன். அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன் மடித்ததில்லை. பெட்டியில் வைத்துக் காலையில் நானே மண்டபத்தில் கொடுத்துவிட்டு, எதற்கும் இருப்போம் என்று கீழே கார் நிறுத்துமிடத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

போன் அடித்தது. உன் அம்மாவின் போன், என் சட்டைப் பையில் இருந்தது. செல்வி. நான் எடுத்ததுமே கொட்டத் தொடங்கிவிட்டாள்.

“அக்கா, எங்க இருக்கீங்க? பொண்ணு நின்னா சேலை நாலு விரல் தரையில கிடக்குது லா! இடுப்புல சொருகினா வயித்துல மூட்டை மாதிரி நிக்குது. அக்கினிய சுத்தி வரணும், தடுக்கி விழுந்துடுவா. அக்கா? லைன்ல இருக்கீங்களா?”

“நான் அக்கா இல்ல, செல்வி. அக்கா வீட்டுக்காரர்.”

“அங்கிளா? அங்கிள், அக்காவ சீக்கிரம் கூட்டிட்டு வாங்க!”

“அக்கா ஆஸ்பத்திரியில இருக்காங்க. மடிச்சது நான்தான். மேல வரேன்.”

இந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. யோசித்துச் சொல்ல நேரமில்லை, அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டியும் கிளிப் டப்பாவும் எப்போதும் காரில்தான் இருக்கும். தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மணமகள் அறை வாசலில் பெண்ணுக்கு அத்தை முறையான ஒரு வயதான அம்மா, கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றார்.

“யாருய்யா நீங்க? பொம்பளைங்க ரூம்புகிட்ட என்ன வேலை?”

“சேலை மடிக்கிறவரு அத்தை, உள்ள விடுங்க,” என்று செல்வி கத்தினாள்.

“என்னது? கூறைய ஒரு ஆம்பளயா பிரிச்சு மடிச்சது? தாலி கட்டுறதுக்கு முன்னாடி? எந்த ஊரு வழக்கம் இது? லெச்சுமின்னுதானே சொன்னீங்க!”

அவர் கடைசியாகக் கேட்டது நியாயம்தான். லெச்சுமி என்றுதான் சொல்லியிருந்தோம். அப்போது உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது, அழுகையும் ஆத்திரமுமாக. “அத்தை, கடையில சேலை விக்கிற அண்ணே இதத் தன் மேலயே போட்டுக் காட்டினப்ப நீங்கதானே அழகா இருக்கு, எடுத்துக்கன்னீங்க! இவரு தொட்டா மட்டும் என்ன? உள்ள விடுங்க, ஐயரு கூப்பிட்டுட்டாரு!”

யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தையின் கை தானாக இறங்கியது. நான் உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்று அந்தப் பெண்ணின் பாதத்தைப் பார்த்தேன். சேலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள், வெறுங்கால். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

“ஹீல்ஸ் போட்டுக்கிட்டு அளந்தீங்களாம்மா?”

“ஆமா அங்கிள், ரிசப்ஷனுக்குப் போடுறத போட்டுத்தான் அக்கா அளந்தா.”

“மணவறையில செருப்பு ஏதும்மா?”

அவள் தன் அக்காவைப் பார்த்தாள், அக்கா என்னைப் பார்த்தாள். தப்பு அவர்கள் தலையில் இல்லை. உன் அம்மாவிடம் யார் அளவு கொடுக்க வந்தாலும் முதலில், “செருப்போடவா, வெறுங்காலா?” என்று கேட்பாள். அது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. நான் அத்தனை காலம் கதவுக்குப் பின்னால் இருந்ததில் எனக்கு நம்பர் மட்டும்தான் வந்தது, ஆள் வந்ததில்லை. நான் மடித்த சேலையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒளிந்துகொண்டு வேலை செய்கிறவனுக்கு எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடுகிறது தம்பி. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செல்வி சேலையை அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அறையில் மேசை இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன், இலை போட்டிருந்த ஒரு மேசையைக் காலி செய்து தந்தார்கள். இடுப்புப் பக்கத்து ஊசிகளைப் பிரித்து, மேல் ஓரத்தை நாலு விரல் உள்ளே இறக்கி மடித்து, கொசுவத்தை மறுபடி அடுக்கித் தேய்த்தேன். சுற்றிலும் ஒரு கூட்டம். சம்பந்தி வீட்டு ஆம்பளைகள், பந்தி பரிமாறுகிற பையன்கள், துறைமுகத்தில் என்னோடு லோரி ஓட்டின ஒருவன்கூட இருந்தான். யாருக்குத் தெரியக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டேனோ அவனே இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, இன்னும் கொஞ்சம் இழுக்கவா?” என்று கேட்டான். நாதஸ்வரக்காரர் நேரத்தை நிரப்ப வாசித்துக்கொண்டே இருந்தார். சேலையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் அக்கினியைச் சுற்றி வந்தபோது அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேலை ஓரம் பாதத்தைத் தொட்டும் தொடாமலும் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்த லோரிக்காரனே டிஷ்யூ கொடுத்தான்.

அன்றோடு எல்லாம் நல்லபடியாக மாறிவிட்டது என்று கதை சொல்ல மாட்டேன். அந்த அத்தை இன்றுவரை என்னிடம் ஒரு கைக்குட்டையைக்கூடக் கொடுத்ததில்லை. பல வருடம் வந்த ஒரு குடும்பம், விஷயம் தெரிந்ததும் கொடுத்திருந்த சேலைகளை மடிக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனது. நான் கேட் வரைக்கும் போய்க் கொடுத்தேன், அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரையும்விட அதிகமாகக் கோபித்துக்கொண்டவள் செல்விதான். ஆஸ்பத்திரிக்கு உன் அம்மாவைப் பார்க்க வந்தவள், கட்டில் பக்கத்தில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தன வீட்டுல அக்கா கை ராசி, அக்கா கை ராசின்னு சொல்லியிருக்கேன்! என்னைய பொய்க்காரி ஆக்கிட்டீங்களே அங்கிள். நீங்கன்னு சொல்லியிருந்தா நான் விட்டுட்டுப் போயிருப்பேனா?”

உன் அம்மா அந்தக் காய்ச்சலிலும், “நல்லா கேளு, செல்வி” என்றாள். கொஞ்ச காலம் செல்வி யாரையும் அனுப்பவில்லை. பிறகு ஒருநாள், ‘அங்கிள், ஒரு பொண்ணு இருக்கா, ஆம்பள மடிச்சா ஓகேவான்னு கேட்டுட்டேன், ஓகேங்கிறா’ என்று மெசேஜ் போட்டாள். அப்படித்தான் திரும்பி வந்தாள், இன்றுவரை அப்படிக் கேட்டுத்தான் அனுப்புகிறாள். உன் அம்மா வீடு திரும்பின அன்றே பின்னறை மேசையை முன்கூடத்துக்கு இழுத்துப் போட்டேன். இப்போது அவள் அளவெடுக்கிறாள், நான் பக்கத்தில் நின்று கேட்கிறேன், உட்கார்ந்தால் எப்படி இருக்கும், குழந்தையைத் தூக்குவார்களா, மேடை ஏறுவார்களா என்றெல்லாம். போனையும் நானே எடுக்கிறேன். போனவர்களைவிட வந்தவர்கள் அதிகம்.

ஆகவே நீ பயப்படுகிற மாதிரி கேஎல் பெண்களில் சிலர் ஆம்பளை மடிப்பதை விரும்ப மாட்டார்கள்தான். அது அவர்கள் இஷ்டம். தெரிந்துகொண்டு வேண்டாம் என்று போகட்டும், காப்பி கொடுத்து அனுப்பு. தெரியாமல் கொடுத்துவிட்டு நாளைக்கு யார் வாயிலிருந்தோ கேள்விப்பட்டால், அவர்களை உன்னிடம் அனுப்பினவளையும் சேர்த்து இழப்பாய். பிரிக்பீல்ட்ஸில் உனக்கு இன்னும் ஒரு செல்வி கிடைக்கவில்லை. கிடைக்கிறவளை முதல் நாளே பொய்க்காரி ஆக்கிவிடாதே. வேறு என்ன விளம்பரம் வேண்டுமானாலும் செய்துகொள், உன் காலம், உன் சாமர்த்தியம். கைநிறைய வேலை இருக்கும்போது முடியாது என்று முன்கூட்டியே சொல்லப் பழகு. ஒரு பெண்ணின் கூறைச் சேலையை அவள் உடுத்துவதற்கு முன் எங்கும் படம் போடாதே. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் சேலையை மூடி வைத்துவிட்டுப் பவித்ராவோடு உட்கார்ந்து சாப்பிடு, வீடு வீடாகவும் இருக்க வேண்டும். ‘லெச்சுமி’ என்கிற பெயரும் அப்படியே இருக்கட்டும், தொடங்கினவள் அவள்தான், அந்தப் பெயரில் எனக்கும் பெருமைதான். ‘அம்மாவின் கைமடிப்பு’ என்பதை மட்டும் எடுத்துவிடு. அது உன் அம்மாவின் கை இல்லை.

பவித்ராவுக்கு உண்மை தெரியும், அவள் அம்மா அப்பாவுக்குத்தான் தெரியாது என்கிறாய். கடை வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள், மாப்பிள்ளையின் அப்பா சேலை தேய்க்கிறவர் என்றால் என்ன நினைப்பார்களோ என்று உனக்குக் கூச்சம். உன்மேல் எனக்குக் கோபம் வந்தது என்று முதலில் எழுதினேன். எழுத எழுதக் கோபம் யார்மேல் என்பது தெரிந்துவிட்டது. நீ புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. நான் வாசலில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்ததைத்தான் பெரியவனாகித் திருப்பிக் கேட்கிறாய்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு வருகிறார். நாம் எடுத்த கூறைச் சேலை நம் அலமாரியில்தான் இருக்கிறது. உன் அம்மா அளவெடுப்பாள். நான் முன்கூடத்தில், என் மேசையில் நிற்பேன். உன் மாமியார் சேலையைப் பார்ப்பார், என் கையிலிருக்கிற கிளிப்பைப் பார்ப்பார், பிறகு உன் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன், உன் அம்மாவையும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வார்த்தையில் நானே சொல்லி முடித்துவிடலாம், எனக்கு அது இப்போது கஷ்டமே இல்லை. ஆனால் அந்தப் பொய்யை உன் வாயில் வைத்தவன் நான். அதை எடுக்க என்னால் முடியாது, நீதான் எடுக்க வேண்டும்.

அவர் சரி என்றால் என் மருமகளின் கூறையை நான் மடிப்பேன். வேண்டாம் என்றால் வேறு நல்ல ஆளாகப் பார்த்து நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். நீ என்ன சொல்வாய் என்று உன் அம்மா கவலைப்படுகிறாள். எனக்குக் கவலை இல்லை. சின்ன வயதில் ஒரு பொய்யை அவ்வளவு அழகாகச் சொன்ன பிள்ளைக்கு, உண்மையைச் சொல்லவா வராது? காலையிலேயே வந்துவிடு. அவர்கள் வரும்போது நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்பா